கடலைத் தோலில் வந்த மேஸ்திரி

நம்ம ஸ்டூடியோவுல புதுசா சேர்ந்த நீங்க அஞ்சு பேரும் போன வாரம் என் வீட்டுக்கு வந்திருந்தீங்க. ஜீவனஹள்ளி சந்துல வண்டி நிறுத்த இடமில்லாம மூணு சுத்து சுத்தி, வேர்த்து விறுவிறுத்து மாடியேறி வந்தீங்க. உக்காந்ததும் உக்காராததுமா ஒரே கேள்வி: "அக்கா, இருபத்தாறு வருஷமா தினமும் வரைஞ்சீங்களாமே, அந்த நோட்டெல்லாம் காட்டுங்க." நான் பேச்சை மாத்தி மிக்சரை எடுத்து நடுவுல வச்சேன். நீங்களும் நல்ல பிள்ளைங்களா தின்னுட்டுப் போயிட்டீங்க. நேர்ல சொல்லியிருந்தா அழுது தொலைச்சிருப்பேன். அதனாலதான் எழுதறேன்.

நோட்டெல்லாம் பத்திரமா இருக்கு. பீரோ மேல ரெண்டு டிரங்குப் பெட்டி. அதை வச்சுக்கிட்டு நான் போட்ட ஆட்டம் கொஞ்சநஞ்சமில்ல. வேலைக்கு உக்கார்றதுக்கு முன்னாடி தினமும் காலையில இருபது நிமிஷம் வரைவேன். பாடம் மாதிரி இல்ல, விளையாட்டுதான். டீயில நனைச்சுக் கடிச்ச ரஸ்க் என்ன உருவத்துல இருக்குன்னு பார்த்து, அதுக்கு ஒரு வால் போட்டு நாயாக்குவேன். கேபிள் போடறேன்னு ரோட்டை வெட்டி, அப்புறம் தாரை ஊத்தி மூடிட்டுப் போறாங்களே, அந்த ஒட்டு இருக்கே, அது எனக்குப் பெரிய சொத்து. இந்த ஊர்ல அதுக்குப் பஞ்சமா என்ன! ஒட்டகம், தையல் மெஷின், தொப்பி வச்ச மீன்னு நடந்துக்கிட்டே பொறுக்கிட்டு வந்து நோட்டுல போட்டுடுவேன். போட்டு, தேதி எழுதி, கையெழுத்தும் வேற. ஜூனியர் யாராவது ஒருநாள் வரையாம வந்தா என் வாயில விழுந்து எழுந்திருக்கணும். "சோறு தின்னியா? பல்லு தேய்ச்சியா? அப்ப வரையறதுக்கு மட்டும் என்ன கேடு?"ன்னு கேப்பேன். அந்த அளவுக்குத் திமிர்.

ரிட்டயர் ஆகறதுக்கு ஒரு வருஷம் முன்னாடி, ஒரு தர்ம ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு வேலை வந்தது. பக்கவாதம் வந்து பேச்சு போனவங்களுக்குப் படக் கார்டு வரைஞ்சு குடுக்கணும். தண்ணி வேணும்னா தண்ணிப் படத்தைத் தொடுவாங்க, வலிச்சா வலிப் படத்தைத் தொடுவாங்க. மொத்தம் நாப்பது கார்டு. நானே வரைஞ்சேன், ஜூனியர் கைக்கு விடல. ஒரு கோடு அதிகம் கிடையாது, ஒரு கோடு கம்மி கிடையாது. வலிக்கு ஒரு மனுஷ உருவம், வெறும் அவுட்லைன். அதுமேல வலிக்கிற இடத்துல செவப்பா நட்சத்திரம். தண்ணிக்கு நீளமான கண்ணாடி கிளாஸ், உள்ள நீலம். ஆஸ்பத்திரிக்காரங்க வாங்கிப் பார்த்துட்டு, பிரமாதம்னு சொன்னாங்க. நானும் அப்படித்தான் நெனச்சேன்.

மூணு வாரம் கழிச்சு ஒரு புதன்கிழமை காலையில அங்க இருக்கிற தெரபிஸ்ட் போன் பண்ணுச்சு. பேச்சுப் பயிற்சி குடுக்கிற சின்னப் பொண்ணு, கன்னடக்காரி, தமிழ் நல்லாவே பேசும். "அக்கா, ஒரு பேஷன்ட் உங்க கார்டைத் தட்டி விடறாங்க. ஸ்வல்ப, கொஞ்சம் நீங்களே வந்து பாருங்க." எனக்குச் சுருக்குன்னு ஏறிடுச்சு. என் கார்டையா? யாரு அந்த மகராசின்னு ஆட்டோ புடிச்சுப் போனேன்.

கீழ்த்தளத்துல ஒரு பெரிய ஹால். ஜன்னல் ஓரமா சக்கர நாற்காலியில ஒரு அம்மா. அஞ்சலையக்கா. ஸ்ரீராம்புரத்துக்காரங்க, முப்பது வருஷமா தெரு கூட்டுற வேலை. வலது கையும் காலும் விழுந்துடுச்சு. பேச்சு அடியோட போச்சு, தொண்டையிலிருந்து 'ம்ம்'னு ஒரு சத்தம் மட்டும் வரும். பக்கத்துல மக சுமதி. ஐ.டி. கம்பெனி ஒண்ணுல ஹவுஸ்கீப்பிங் வேலை. யூனிஃபார்ம் கசங்காம மடிச்சுப் பையில வச்சிருந்தா, எப்ப வேணாலும் வேலைக்குக் கூப்பிடுவாங்கன்னு.

தெரபிஸ்ட் நாலு கார்டை நாற்காலிப் பலகையில பரப்புச்சு. "அம்மா, தண்ணி எது? காட்டுங்க." அஞ்சலையக்கா கார்டைப் பார்த்தாங்க, தெரபிஸ்ட்டைப் பார்த்தாங்க, ஜன்னலைப் பார்த்தாங்க. "சரி, எங்க வலிக்குது? தொடுங்க." வலிக் கார்டை நீட்டினதும் முகத்தைத் திருப்பிக்கிட்டு, இடது கையால பட்டுன்னு ஒரு அடி. கார்டு என் கால்ல வந்து விழுந்தது.

"பார்த்தீங்களா அக்கா? சொல்றது புரியறதே இல்ல போல," தெரபிஸ்ட் சொல்லுச்சு. "வெள்ளிக்கிழமை பெரிய டாக்டர் வர்றாங்க. நான் ரிப்போர்ட் குடுக்கணும்."

சுமதிதான் எனக்கு மிச்சத்தைச் சொன்னா, அம்மா பக்கத்துல நின்னுக்கிட்டே. "புரியலன்னு எழுதிட்டா இங்க பயிற்சி நிறுத்திடுவாங்கக்கா. நான் திங்கக்கிழமையிலிருந்து வேலைக்குப் போயே ஆகணும், இதுக்கு மேல லீவு கிடையாது. எதிர் வீட்டு மேரியக்கா பகல்ல பார்த்துக்கிறேன்னுதான் சொன்னாங்க. ஆனா இவங்களுக்கு என்ன வேணும்னு ஏதாவது ஒரு வகையில சொல்லத் தெரிஞ்சாதான் என்னால முடியும், இல்லன்னா பயமா இருக்கு சுமதின்னுட்டாங்க. ஊருக்கு வெளிய இப்படி முடியாதவங்களை வச்சுப் பார்த்துக்கிற ஒரு ஹோம் இருக்கு, அங்க விட்டுடச் சொல்றாங்க எல்லாரும்." சொல்லிட்டு மூக்கை உறிஞ்சினா. ஹோம், ஹோம்னு எத்தனை தடவை அந்த வார்த்தையைச் சொன்னோம்னு எனக்கு அப்புறம்தான் உறைச்சது.

அப்ப எனக்கு வேற கவலை. கார்டு மேல தப்பில்லன்னு நிரூபிக்கணும். தெரபிஸ்ட்கிட்ட கோடு, இடைவெளி, கலர்னு லெக்சர் அடிச்சுக்கிட்டு நின்னேன். தரை துடைச்சுக்கிட்டிருந்த ஆயாம்மா நிமிர்ந்து பார்த்துச்சு.

"ஏம்மா, ஒட்டுத் துணி இல்லாம ஒரு ஆளை வரைஞ்சு எடுத்தாந்து, நாலு பேரு முன்னால தொட்டுக் காட்டுன்னா, நான் கூடத்தான் அடிப்பேன்!"

அட கடவுளே. நான் ஆணுமில்ல பெண்ணுமில்லன்னு நெனச்சு வரைஞ்ச உருவம். அந்த அம்மாவுக்கு அது அம்மணமா நிக்கற ஒரு உடம்பு. நெட்ல பத்துப் படம் பார்த்து, அதுல இருந்து பதினொண்ணாவது படம் வரைஞ்சிருக்கேன். தண்ணிக்குக் கண்ணாடி கிளாஸாம்! அஞ்சலையக்கா வாழ்க்கையில எந்த வீட்டுல கண்ணாடி கிளாஸ்ல தண்ணி குடுத்தாங்க? வரைஞ்சேனே தவிர, யார் கண்ணு அதைப் பார்க்கப் போகுதுன்னு ஒரு நிமிஷம் யோசிக்கல. இருபத்தாறு வருஷம் தினமும் பயிற்சி பண்ணின கை இது. வெக்கமாப் போச்சு எனக்கு.

அன்னைக்கே ஸ்டூடியோவுக்குப் போய்ப் பத்து கார்டைத் திருத்தினேன். உருவத்துக்குப் புடவை கட்டினேன், கொண்டை போட்டேன். கிளாஸை எடுத்துட்டு எவர்சில்வர் டம்ளர். வியாழக்கிழமை காலையில போய் நின்னேன். அஞ்சலையக்கா டம்ளரை ஒரு பார்வை பார்த்தாங்க, புடவைக்காரியை ஒரு பார்வை பார்த்தாங்க. அன்னைக்கு அடிக்கல, அவ்வளவுதான். "தண்ணி எது?"ன்னு கேட்டா ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டாங்க. தெரபிஸ்ட் பெருமூச்சு விட்டுட்டு வேற பேஷன்ட்டைப் பார்க்கப் போயிடுச்சு.

நாங்க மூணு பேரும் மிச்சம். சுமதி காலையிலிருந்து எதுவும் சாப்பிடல. வாசல்ல வண்டிக்காரர்கிட்ட வாங்கின வறுத்த கடலைக்காய்ப் பொட்டலத்தைப் பிரிச்சா. எனக்கும் ஒரு கை குடுத்தா. உரிச்சு உரிச்சுத் தின்னுட்டு, தோலை நாற்காலிப் பலகை மேலயே போட்டோம். கொஞ்ச நேரத்துல ஒரு குப்பை சேர்ந்துடுச்சு.

அஞ்சலையக்கா அந்தக் குப்பையைப் பார்த்தாங்க. இடது கையைத் தூக்கி, உள்ளங்கையோட ஓரத்தால ஒரு இழு, இன்னொரு இழு. சிதறிக் கிடந்த தோலெல்லாம் ஒரு குவியலாச்சு. தெரு கூட்டுறவங்க கை, அது தானா செய்யுதுன்னுதான் நெனச்சேன். அப்புறம் சுட்டு விரலை நடுவுல வச்சு ஒரு பள்ளம் இழுத்தாங்க. மேல கொஞ்சம் ஒதுக்கி உருட்டி விட்டாங்க. கீழ ரெண்டு தோலைப் பக்கத்துல பக்கத்துல வச்சாங்க. நடுவுல குவியலை முன்பக்கமா லேசா ஒரு தள்ளு. கையை எடுத்துட்டாங்க.

நான் உரிக்கிறதை நிறுத்திட்டுக் குனிஞ்சு பார்த்தேன். அங்க ஏதோ ஒண்ணு உக்காந்திருந்தது. குப்பை இல்ல அது. எடை இருந்தது அதுக்கு, சாய்வு இருந்தது.

"ம்ம்?"

நிமிர்ந்து பார்க்கிறேன், அஞ்சலையக்கா என்னைத்தான் கேக்கறாங்க. புருவத்தை உசத்தி, இது என்னன்னு கேக்கறாங்க! ரெண்டு நாளா நாங்க அவங்களைக் கேட்ட அதே மாதிரி.

"கோழியாக்கா?"ன்னேன். இல்லன்னு தலையாட்டல். "வாத்து?" இல்ல. "பிள்ளையாரா?" உதட்டைப் பிதுக்கிட்டு, இதுகூடத் தெரியலையான்னு ஒரு பார்வை. சுமதி எட்டிப் பார்த்தா. பார்த்தவ வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிக்க ஆரம்பிச்சா. சிரிச்சுக்கிட்டே அழறா.

"ஐயோ, அம்மாவை வேலை வாங்குற மேஸ்திரி அக்கா! ஸ்கூட்டர்ல உக்காந்திருக்காரு! தொப்பை பாருங்க, ஹேண்டில்ல இடிக்குது!"

அஞ்சலையக்காவோட பாதி முகம் சிரிச்சது. மறு பாதி அசையல. அந்தப் பாதிச் சிரிப்பே ஹாலுக்குப் போதுமா இருந்தது.

சுமதிதான் சொன்னா. சின்ன வயசுல லீவு நாள்ல அம்மாகூட வேலைக்குப் போவாளாம். "அம்மா தினமும் இப்படி ஒண்ணு பண்ணும்க்கா. ஆஸ்டின் டவுன் பக்கம் அப்ப டூட்டி. மரத்துல பூ கொட்டுற மாசம்னா ரோடு பூரா ரோஸ் கலர்ல கிடக்கும். அதைக் கூட்டிக் குவிக்கிறப்ப தொடப்பத்தாலயே மயில் பண்ணும், ரயிலு பண்ணும். காஞ்ச எலையில எருமை. கூட வேலை செய்யறவங்க எல்லாம் வந்து, இன்னைக்கு என்ன அஞ்சலைன்னு பார்த்துட்டுப் போவாங்க. மேஸ்திரி திட்டுவாரு. குப்பை வண்டி வர்ற வரைக்கும் இருக்கும். வண்டி வந்ததும் அம்மாவே வாரிப் போட்டுட்டு அடுத்த தெருவுக்குப் போயிடும்."

"ஒரு போட்டோ கூட எடுக்கலையா?"ன்னு கேட்டேன்.

"குப்பையைப் போய் யாருக்கா போட்டோ எடுப்பாங்க?"

நான் மலைச்சுப் போய் உக்காந்துட்டேன். முப்பது வருஷம். மழையில, தூசியில, காய்ச்சல்ல. தினமும் ஒண்ணு. தேதி கிடையாது, கையெழுத்து கிடையாது, பாராட்ட ஒரு ஆள் கிடையாது. செஞ்ச கையே அதை அள்ளி வண்டியில கொட்டியிருக்கு, மறுநாள் காலையில அதே ஆசையோட மறுபடியும் செஞ்சிருக்கு. நான் விளையாட்டு விளையாட்டுன்னு ஊருக்கெல்லாம் சொல்லிக்கிட்டிருந்தேன். விளையாடினது அவங்க. அந்த நாற்காலிக்கு முன்னாடி எனக்கு எழுந்து நிக்கணும்போல இருந்தது. நிஜமாவே எழுந்து நின்னேன். கெளம்பறீங்களாக்கான்னு சுமதி கேட்டா.

தெரபிஸ்ட்டைக் கூட்டிட்டு வர ஓடினேன். அதுக்குள்ள ஆயாம்மா வந்து, "ஆஸ்பத்திரியா இது, கடலைக் காடா?"ன்னு பலகையைத் துடைச்சு விட்டுடுச்சு. நான் சொன்னதைத் தெரபிஸ்ட் கேட்டுக்கிச்சு. நம்பிச்சுன்னு சொல்ல மாட்டேன். "நாளைக்கு டாக்டர் முன்னாடி செஞ்சா எழுதறேன் அக்கா. நான் பார்க்காததை எப்படி எழுதறது?" அது சொன்னதுலயும் தப்பில்ல.

வெள்ளிக்கிழமை அரைக் கிலோ கடலைக்காய் வாங்கிட்டுப் போனேன். பெரிய டாக்டர் வந்தாங்க, கூட ரெண்டு பேர், கையில ஃபைல். உரிச்சு வச்சிருந்த தோலைப் பலகையில கொட்டினேன். டாக்டர் தன்மையாத்தான் சொன்னாங்க: "அம்மா, நேத்து செஞ்ச மாதிரி ஒண்ணு செஞ்சு காட்டுங்க." அஞ்சலையக்கா ஜன்னலைப் பார்த்தாங்க. "அம்மா, செய்ம்மா," சுமதி கெஞ்சினா. அசையல. டாக்டர் வாட்ச்சைப் பார்த்தாங்க. சுமதி என்னைப் பார்த்தா. நீங்கதானே ஆசை காட்டினீங்கங்கற பார்வை.

என் வாய் இருக்கே, அது அப்ப துடிச்சது. 'அக்கா, உங்க நல்லதுக்குத்தானே, ஒரே ஒரு தடவை'ன்னு சொல்ல வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்துடுச்சு. முழுங்கினேன். எவளாவது என் முன்னாடி ஃபைலை வச்சுக்கிட்டு, உனக்கு வரையத் தெரியும்னு நிரூபின்னா நான் வரைவேனா? பென்சிலைத் தூக்கி அடிப்பேன். பிள்ளைங்களா, வேலையில எத்தனையோ நெருக்கடி பார்த்திருக்கேன், அச்சுக்குப் போற நேரத்துல படத்தைக் கிழிச்சுப் போட்டு முதல்லேர்ந்து வரைஞ்சிருக்கேன். வாயை மூடிக்கிட்டு இருக்கணும்னு முடிவு பண்ணின அந்த அரை நிமிஷம்தான் எனக்கு ரொம்பக் கஷ்டமா இருந்தது. நாளைக்கு நீங்களும் யாருக்காவது வரைவீங்க. அவங்க உங்க படத்தைத் தள்ளி விட்டா, புத்தியில்லாதவங்கன்னு மட்டும் முடிவு கட்டிடாதீங்க. உங்களை நீங்க எப்படி நடத்தச் சொல்லுவீங்களோ அப்படி அவங்களை நடத்துங்க.

யாரையும் எதுவும் கேக்காம, ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்காந்தேன். தோலை ஒதுக்கி நானே ஒரு யானை பண்ண ஆரம்பிச்சேன். எனக்குக் கோடுதான் வரும், குவியல் வராது. தும்பிக்கை சரிஞ்சு சரிஞ்சு விழுது. முதுகு தட்டையாப் போச்சு. மாவு சிந்தின மாதிரி இருந்தது. நான் விடாம பண்ணிக்கிட்டே இருந்தேன். கொஞ்ச நேரத்துல பக்கத்துல 'த்ச்'னு ஒரு சத்தம். அஞ்சலையக்காவால பொறுக்க முடியல. என் கையைத் தள்ளி விட்டுட்டு, யானையை ஒரே வீச்சுல கலைச்சாங்க.

அப்புறம் அந்த இடது கை வேலை செஞ்சது. டாக்டர் ஃபைலை மூடி வச்சுட்டுக் குனிஞ்சு பார்த்தாங்க. நீளமா ஒரு குவியல், மேல தட்டையா. ஓரத்துல விரலால வரிசையா அஞ்சு குழி. கீழ ரெண்டு தோல், சக்கரம். எனக்கே புரிஞ்சது, வேன். சுமதி, "என் வேலை வண்டிக்கா, சிக்னல் கிட்ட வந்து ஏத்திக்கிட்டுப் போவாங்களே," ன்னா. அஞ்சலையக்கா மக கையைப் புடிச்சு அந்த வேன் மேல வச்சாங்க. வச்சு அழுத்தினாங்க. நீ போ.

தனியா ஒரு சின்னக் குவியல் சேர்த்தாங்க. கொண்டையா மேல ஒரு தோல். தன் நெஞ்சைத் தட்டிக் காட்டினாங்க. அது அவங்க. அந்தச் சின்னக் குவியலை வேன்லேர்ந்து விலக்கி, மெதுவா, சிதறாம, பலகையோட கோடி வரைக்கும் தள்ளிக்கிட்டே போய் விட்டாங்க. விட்டுட்டு மகளைப் பார்த்தாங்க.

நாங்க அவங்க தலைக்கு மேலயே பேசின ஹோம் பேச்செல்லாம் ஒரு வார்த்தை விடாம அவங்க காதுல விழுந்திருக்கு. எல்லாம் புரிஞ்சிருக்கு. புரிஞ்சு, என்னை அங்க விட்டுட்டு நீ வேலைக்குப் போன்னு சொல்றாங்க. தெரபிஸ்ட் பொண்ணு கண்ணைத் துடைச்சுக்கிட்டு, "ஸாரி அம்மா, ஸாரி,"ன்னுச்சு.

சுமதி அழல. ரெண்டு கையாலயும் அந்தச் சின்னக் குவியலை அள்ளி, கொண்டை கலையாம கொண்டாந்து வேன் பக்கத்துல வச்சா. அஞ்சலையக்கா மறுபடியும் கோடிக்குத் தள்ளினாங்க. சுமதி மறுபடியும் எடுத்துட்டு வந்தா. "தள்ளாதம்மா." மறுபடியும் தள்ளல். "தள்ளாதன்னு சொல்றேன்ல!" ஆஸ்பத்திரின்னு பார்க்காம அம்மாவும் மகளும் சண்டை போட்டாங்க. நாலு தடவையோ அஞ்சு தடவையோ, நான் எண்ணல. டாக்டர் தெரபிஸ்ட் பக்கம் திரும்பி, "இதுக்கு மேல என்ன டெஸ்ட் வேணும்? எழுதுங்க," ன்னாங்க.

கடைசித் தடவை சுமதி குவியலை வச்சுட்டு, கையை எடுக்காம அது மேலயே கவிச்சு வச்சுக்கிட்டா. அஞ்சலையக்கா அந்தக் கையை ரொம்ப நேரம் பார்த்தாங்க. அப்புறம் பலகையில ஒதுங்கிக் கிடந்த தோல்ல நீளமா ஒண்ணைத் தேடி எடுத்து, மக கைக்கு முன்னாடி படுக்க வச்சாங்க.

"இது என்ன சுமதி?"ன்னு கேட்டேன்.

"எங்க வீட்டு வாசப்படிக்கா," ன்னா. "நான் வேலை விட்டு வந்தா அம்மா அங்கதான் உக்காந்திருக்கும்."